ஓவர்சியர் தேவசிகாமணியும் உலகத்தின் தலைசிறந்த கேமராவும்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, வடசேரியில் உள்ள என் ஸ்டூடியோவில் புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடியை நிற்கவைத்து, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டிருந்தேன். தேவாலயத்தில் மணியடிக்கும் யோவான் வாசலில் வந்து நின்று, "ஸ்டூடியோக்காரரே, ஓவர்சியர் தவறிட்டாவ. விடியக்காலம் உயிர் போச்சு. சாயங்காலம் அடக்கம்" என்றார். துணிக்குள்ளிருந்து தலையை எடுக்காமலே, "எந்த ஓவர்சியர்?" என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குத் தெரியும். படத்தை எடுத்து முடித்து, ஜோடியை அனுப்பிவிட்டுத்தான் கதவைப் பூட்டினேன். எடுக்க வேண்டிய படத்தை எடுக்காமல் விடுவது காலமானவரின் வழக்கம். என் வழக்கம் அல்ல.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திரு. தேவசிகாமணி அவர்கள் மராமத்து இலாகாவில் ஓவர்சியராக இருந்தவர். கால்வாய்களும் குளத்து மடைகளும் அவருடைய பொறுப்பு. மனைவி எஸ்தரம்மாள் நெய்யூர்ப் பக்கத்துக்காரர். பிள்ளைகள் இல்லை. ஆள் நல்ல உயரம். அபிப்பிராயங்கள் அதைவிட உயரம். இந்த உலகத்தில் விவாதிக்கத் தக்க விஷயம் ஒன்றே ஒன்றுதான் என்று அவர் மனப்பூர்வமாக நம்பினார். மனிதன் இதுவரை செய்த கேமராக்களில் தலைசிறந்தது எது என்பதே அது. இப்படி ஒரு கேள்விக்கு ஒரு ஆயுளைக் கொடுக்க முடியும் என்று அவரைப் பார்க்கும் வரை நான் நினைத்ததில்லை.

சுதந்திரம் வந்த வருஷம் அவர் முதன்முதலாக என் ஸ்டூடியோவுக்கு வந்தார். கழுத்தில் ஒரு ரோலிஃப்ளெக்ஸ் தொங்கியது. குலசேகரம் பக்கத்து ரப்பர் எஸ்டேட் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பிப் போகும்போது அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனதாம். மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ் உள்ள கறுப்புப் பெட்டி அது. வயிற்றுக்கு நேரே பிடித்து, மேல்மூடியைத் திறந்து, கிணற்றில் விழுந்த வாளியைத் தேடுவதுபோலக் குனிந்து பார்க்க வேண்டும். தேக்கில் செய்த, கண்ணாடித் தட்டில் படம் பதியும் என் தட்டுக் கேமரா முக்காலியின்மேல் நின்றது. அவர் அதைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"என்னவே இது, கேமராவா, கோழிக்கூடா?"

"இந்தக் கோழிக்கூடுதான் வே எனக்குச் சோறு போடுகு" என்றேன்.

"சோறு போடுகது வேற, சிறந்தது வேற. கேமரான்னா அது ஒரு மனசாட்சியாக்கும், கேட்டேரா?"

இந்த வாக்கியத்தை அவர் எந்தச் சீமைப் பத்திரிகையிலிருந்து எடுத்தார் என்று தெரியாது. சொந்தச் சரக்காக இருக்க வழியில்லை. ஆனால் அதற்குப்பின் ஒன்பது வருஷம் சனிக்கிழமை தவறாமல் அதை நான் கேட்டேன்.

பிறகு வக்கீல் மாதேவன் பிள்ளை வந்து சேர்ந்தார். சிங்கப்பூரிலிருந்து மச்சினர் கொண்டுவந்த லைக்கா ஒன்று அவரிடம் இருந்தது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகலாம் என்பதே அதன் மகத்துவம் என்று வாதாடினார். அப்படியானால் என் மூக்குப்பொடி டப்பிதான் உலகத்தின் தலைசிறந்த கேமரா என்று சொன்னேன். இருவரும் சிரிக்கவில்லை. கேமரா விஷயத்தில் அவர்கள் சிரித்து நான் கண்டதே இல்லை.

வாடிக்கையாளர்கள் உட்காரப் போட்ட பெஞ்சில் இவர்கள் உட்காருவார்கள், வாடிக்கையாளர்கள் நிற்பார்கள். களியக்காவிளையிலிருந்து வந்த ஒரு கல்யாணக் கோஷ்டி, லென்ஸ்களின் கூர்மையைப் பற்றிய சர்ச்சை முடியட்டும் என்று பொறுமையாகக் காத்திருந்துவிட்டு, அடுத்த தெரு ஸ்டூடியோவுக்குப் போய்விட்டது. பெண்ணின் தகப்பனார் படியிறங்கும்போது, "இஞ்ச போட்டோ எடுப்பாவளா, பிரசங்கம் மட்டுந்தானா?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஓவர்சியர் அந்த மனிதரை ஏறிட்டும் பார்க்கவில்லை.

சரி, இவ்வளவு பெரிய கேமராவில் அவர் எதைப் படம் எடுத்தார்? செங்கல் சுவரை எடுத்தார். மராமத்து ஆபீஸின் பின்புறச் சுவர்; வெயிலில் ஒன்று, நிழலில் ஒன்று, மழை பெய்து ஓய்ந்தபின் ஒன்று. செங்கல்லின் ஓரம் எவ்வளவு துல்லியமாக விழுகிறது என்று பார்ப்பதற்காம். சுவர் சலித்தபோது செய்தித்தாளைக் கதவில் குத்தி அதை எடுத்தார். அத்தனை பிலிமையும் கழுவிக் கொடுத்தவன் நான். ஒரு முகம், ஒரு மாடு, ஒரு காக்கை கூட அவற்றில் இல்லை. "மனுசன் அசைவான் வே. அசையப்பட்டத வச்சு ஒரு கேமராவ எப்பிடி நிதானிக்க முடியும்?" என்பார்.

இதற்கெல்லாம் ஒரு முடிவு காண்பதற்காக ஒரு மாசி மாதம் நாங்கள் முட்டம் கடற்கரைக்குப் போனோம். ஒரே இடம், ஒரே வெளிச்சம், மூன்று கேமரா. அச்சுப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும் என்பது வக்கீலின் யோசனை. அன்று எஸ்தரம்மாளும் வந்தார்கள். கருநீலப் பட்டுச் சேலை உடுத்திருந்தார்கள். பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையிலிருந்து திரும்பி, கணவருக்குக் கேட்காத குரலில் என்னிடம் பேசினார்கள்.

"அண்ணாச்சி, எங்க கல்யாணத்துக்குப் படம் எடுக்கல்ல. எங்க அப்பா மொகமும் இப்பம் எனக்குச் சரியா வரல்ல. மீச வருகு, மூக்கு வருகு. மொகமாட்டு வரல்ல. இவியளயும் அப்பிடி விட்டிரப்பிடாதுன்னுதான் பொறப்பட்டு வந்தேன். ரெண்டு பேருமாட்டு நிக்கப்பட்ட ஒரு படம் போதும்."

"அதுக்கென்ன, எடுத்திருவோம்" என்றேன். மூன்று கேமராக்களை வைத்துக்கொண்டு ஒரு படம் எடுப்பது பெரிய காரியமா என்றுதான் நினைத்தேன்.

பாறையில் ஏறி எஸ்தரம்மாள் நின்றார்கள். பின்னால் கலங்கரை விளக்கம். "நீங்களும் வாங்க" என்று கணவரைக் கூப்பிட்டார்கள். அவர் ரோலியை வயிற்றுக்கு நேரே பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். அப்போதுதான் அந்த மனிதரின் கொள்கை முழுசாக வெளியே வந்தது. அவருடைய படத்தை உலகத்தின் தலைசிறந்த கேமராதான் எடுக்க வேண்டும். அது அவருடைய ரோலி. அந்த ரோலியை அவரைத் தவிர வேறு யாரும் தொடக் கூடாது. தானாகப் படம் எடுத்துக்கொள்ளும் வசதி அந்தப் பழைய மாடலில் கிடையாது. ஆகவே அவர் படத்தில் இருக்க முடியாது.

"இஞ்ச தாரும், நான் அமுக்குகேன்" என்று வக்கீல் கை நீட்டினார்.

"லைக்கா பிடிச்ச கையில நான் ரோலியக் குடுக்கமாட்டேன்."

"அப்பம் லைக்காவிலயே எடுக்கேன், போய் நில்லும்."

"அதுக்கு முன்னால நான் நிக்கவா? அந்தக் கோழிக்கூட்டப் பத்தி வாயே தொறக்காதீரும்."

"நீரு வெளிய நில்லும். அம்மாவ மட்டும் எடுப்போம்" என்றேன் நான்.

"எனக்கு ஒத்தையில வேண்டாம் அண்ணாச்சி" என்று பாறைமேலிருந்து எஸ்தரம்மாள் சொன்னார்கள்.

வாதம் தொடங்கியது. லென்ஸ், ஷட்டர், ஜெர்மனி, இங்கிலாந்து என்று எங்கெங்கோ போனது. காற்று அந்த அம்மாளின் சேலையைப் பிடித்து இழுத்தது. ஒரு கையால் சேலையையும் ஒரு கையால் தலைமுடியையும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கீழே மீன் காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண், "யம்மா, அந்த ஆம்பிளையளு பேசித் தீக்கதுக்குள்ள கடலு வத்திரும், எறங்கி வா" என்று கத்தினாள். அன்று முட்டத்தில் அறிவோடு பேசிய ஒரே ஆள் அவள்தான். வெயில் சாய்ந்ததும் எஸ்தரம்மாள் தாமாகவே இறங்கி வந்து, கட்டுச்சோற்றைப் பிரித்து, "வாங்க, தின்னுங்க" என்றார்கள்.

அந்தப் பரீட்சையின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். வக்கீல் லென்ஸ் மூடியைக் கழற்றாமலே சுருள் முழுவதையும் எடுத்திருந்தார். நான் கலங்கரை விளக்கத்தை எடுத்தேன். விளக்கு நன்றாகத்தான் வந்தது. ஓவர்சியர் எடுக்கவே இல்லை. திரும்பி வரும்போது, "வெளிச்சம் சரியில்லாமப் போச்சு. அடுத்த மாசம் பாப்போம்" என்று மனைவியிடம் சொன்னார். அந்த அம்மாள் ஜன்னல் வழியே வயலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

அடுத்த மாதம் வந்தது, போனது. தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஊரே கொதித்துக்கொண்டிருந்த நாட்களில், வீதியில் ஊர்வலம் போகும். இவர்கள், ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்கவில்லை என்று, என் ஸ்டூடியோ ஜன்னலைச் சாத்திவிட்டு ஷட்டர் வேகம் பேசுவார்கள். மனிதர்கள் மண்டை உடைபட்டு ஓடினார்கள். இந்த இரண்டு தலைசிறந்த கேமராக்களும் உறையைவிட்டு வெளியே வரவில்லை. இவர்களைப் போன்ற வெட்டி மனிதர்களை நான் எங்கும் கண்டதில்லை.

அவரைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கு ஒன்று உண்டு, அதை மறைக்கமாட்டேன். தமிழ்நாட்டோடு சேர்ந்த கொண்டாட்டத்தின் தோரணங்கள் இன்னும் சந்திப்பில் நனைந்து தொங்கும் இந்த மழையில், குளத்துக் கரை ஒன்று உடையப் போவதாக ஆள் வந்து சொன்னபோது, அவர் குடைகூட எடுக்காமல் ஓடினார். கூலியாட்களோடு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி மணல் மூட்டை அடுக்கினார். கரை நின்றது, கும்பப்பூப் பருவத்து நெல் நாற்று பிழைத்தது. அந்த வேலையில் அவருக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. இந்த மூட்டை சிறந்ததா, அந்த மூட்டை சிறந்ததா என்று கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து காய்ச்சலில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. இப்படிப்பட்ட ஒரு மனிதர் எப்படி அப்படிப்பட்ட ஒரு மூடராகவும் இருந்தார் என்பதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

எங்கள் சபைகளில் அடக்கத்துக்கு முன்னால் பெட்டியைப் பந்தலில் வைத்து, தலைமாட்டைச் சற்றே உயர்த்தி, சுற்றிலும் உறவினரை நிறுத்தி ஒரு படம் எடுப்பது வழக்கம். அந்தப் படம் இல்லாமல் மூடியைப் போடுவதில்லை. நான் முக்காலியோடு போயிருந்தேன். வக்கீல் லைக்காவோடு வந்திருந்தார். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. நான் முக்காலியை விரித்ததும் அவர் என் கையைப் பிடித்தார்.

"வேண்டாம் வே. அவரு எங்கிட்டச் சொல்லியிருக்காரு. பெட்டிப் படத்த ரோலியிலதான் எடுக்கணுமாம்."

"யாரும் தொடப்பிடாதுன்னும் சொல்லியிருக்காருல்லா? யாரு எடுப்பா, அவரு எந்திச்சு வருவாரா?"

"செத்த மனுசனுக்க வார்த்தைக்கு மரியாதை இல்லியா?"

"இத்தனை பேரு மொகமும் தெளிவாட்டு விழணும்னா பெரிய தட்டுதான் வே. ரோலியில விழுமா?"

"விழாதுன்னு ஒமக்கு யாரு சொன்னா?"

போதகர் வேதப்புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். மழை பந்தல் ஓலையில் சொட்டிக்கொண்டிருந்தது. பெட்டியின் தலைமாட்டிலிருந்து எஸ்தரம்மாள் எழுந்து நின்றார்கள்.

"அண்ணாச்சி, நிறுத்துங்க. படம் வேண்டாம்."

அவர்களுடைய தம்பி பதறிப்போய், "அக்கா, படம் எடுக்காம எப்பிடி மூடுகது? நாளைக்கு ஆளுவ கேப்பாவ" என்றார்.

"கேக்கட்டு. உயிரோட இருந்தப்பம் ஒரு படத்துக்கு வழியில்ல. இப்பம் மூக்குல பஞ்சு வச்ச இந்த மொகத்த எடுத்துச் சுவத்துல மாட்டினா, தெனமும் இதத்தான் பாப்பேன். இதுதான் எனக்கு மிஞ்சும். அவியளுக்க மத்த மொகம் இப்பமும் எங்கிட்ட இருக்கு. அத அழிச்சிராதீங்க. மூடுங்க."

அவர்களே மூடியின் ஒரு முனையைப் பிடித்தார்கள். பிறகு நானும் வக்கீலும் மறுமுனையைப் பிடித்தோம். முக்காலி மழையில் நின்றது.

ஓவர்சியர் அவர்களே, இந்தக் கட்டுரையின் பக்கத்தில் அச்சிட உம்முடைய படம் ஒன்று பத்திரிகைக்காரர்கள் கேட்டார்கள். இல்லை என்று சொல்லிவிட்டேன். நம் மூவரில் யாரிடமும் இல்லை. ஊரில் வேறு எவரிடமும் இல்லை. வழக்கில் உம் ரோலியே ஜெயித்தது என்று வைத்துக்கொள்ளும், இனி நான் எதிர்வாதம் செய்யப்போவதில்லை. உம்முடைய முகம் இப்போது உம் மனைவியின் ஞாபகத்தில் மட்டும்தான் இருக்கிறது. தகப்பனாரின் முகத்தை மறந்துவிட்ட அந்த அம்மாள் உம்முடையதை எத்தனை காலம் காப்பாற்றி வைத்திருப்பார்களோ, எனக்குத் தெரியாது. போய் வாரும்.