இறால் மணத்த கிற்றார்

யாழ்ப்பாணக் கரையில் எங்கள் பாசையூரில் கிற்றார் வாசிக்கிற பெண் யார் என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் வீட்டைக் காட்டும். யசிந்தா. என் தம்பி சிமியோனின் மனைவி, எனக்கு மச்சாள். பகலில் நானும் அவளும் கடற்கரையில் ஒரே மீன்வாடியில் இறால் உரிப்போம். பின்னேரம் அந்தோனியார் கோயில் பாடகர் குழுவில் நான் பாடுவேன், அவள் வாசிப்பாள். லூர்த்தம்மாவுக்கு மச்சாளைப் புகழ்ந்து புழுகாவிட்டால் சோறு இறங்காது என்று ஊரில் என்னைச் சொல்வார்கள். சொல்லட்டுமே! புழுக ஓர் ஆள் இருக்கும்போது வாயைப் பொத்திக்கொண்டிருக்க எனக்கென்ன விசரா?

முன்பு கோயிலில் வாசித்த பொடியன் எண்பத்தைந்தில் ஜேர்மனிக்குப் போனான். கிற்றாரைக் கோயிலுக்கே விட்டுவிட்டான். அவன் விரல்களைப் பார்த்துப் பார்த்தே பழகியிருந்த யசிந்தா அதை எடுத்தாள். குழுத் தலைவர் இன்னாசித்தம்பி அண்ணை முகத்தைச் சுழித்தார். ஆர்மோனியம் பழுதாகிக் கிடந்ததால் வேறு வழியில்லாமல் ஓம் என்றார்.

ஆனால் அவள் கையில் கம்பி நிற்காது. அந்தப் பொடியனுக்கு மாதக்கணக்கில் நின்ற கம்பி அவளுக்குக் கிழமைக்கணக்கில் கறுத்துவிடும். கிற்றாரில் மெல்லிய கம்பிகள் இரண்டும் வெறும் உருக்கு. மற்ற நான்கின் மேலும் பித்தளை நிறத்தில் நுண்ணிய கம்பி சுற்றியிருக்கும். வியர்வையும் அழுக்கும் அந்தச் சுற்றுகளுக்குள் இறங்கினால் நாதம் செத்துப்போகும். உருக்கைக் கடற்காற்று துருவாக்கும். கொழும்புப் பாதை திறந்திருந்தவரை யாரிடமாவது சொல்லிப் புதுக் கம்பி எடுப்பிக்கலாம். தொண்ணூறில் சண்டை மூண்டு பாதை பூட்டியது. மண்ணெண்ணெய்க்கே தவம் கிடந்த எங்களுக்குக் கிற்றார்க் கம்பி எங்கிருந்து வரும்?

தொண்ணூற்றிரண்டில், அந்தோனியார் பெருநாளுக்குச் சில கிழமைகள் இருக்கும்போது, கிளாலிக் கடலேரியால் வள்ளத்தில் வந்த ஒருவர் ஒரு கட்டுக் கம்பி கொண்டுவந்தார். அதைக் கொடுக்கும்போதே இன்னாசித்தம்பி அண்ணை தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

"இஞ்சை பார் பிள்ளை, உது போனால் வேறை இல்லை. உன்ரை கை கம்பியைத் தின்னுது. பெருநாள் காலமைப் பூசைக்குக் கிற்றார் வடிவாய்க் கேக்கவேணும். இல்லாட்டி, பின்னேரம் அந்தோனியார் சுருவம் ஊர் சுத்தேக்கை என்ரை மருமகன் வாசிக்கட்டும். பிறகு கிற்றாரும் அவனோடையே இருக்கட்டும்."

மருமகன் பள்ளிக்கூட வாத்தியார். வெண்கட்டி பிடிக்கிற மெத்தென்ற கை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யசிந்தா கம்பிக் கட்டை வாங்கிக்கொண்டாள். அவளுக்கு இருந்த ஒரே ஆசை அந்தக் கிற்றார்தான். அதையும் பிடுங்கிவிட்டால் அவளுக்கு வாடியும் அடுப்பும்தான் மிச்சம்.

பயத்தில் எங்கள் ஊர்ப் புத்திதான் அவளுக்கு வேலை செய்தது. தூண்டில் முள் துருப்பிடிக்காமல் இருக்கச் சிமியோன் சுறா எண்ணெய் பூசி வைப்பான். முள்ளும் இரும்பு, கம்பியும் இரும்பு. புதுக் கம்பிகளைப் பூட்டி, ஆறிலும் சுறா எண்ணெயை வடிய வடியப் பூசிவிட்டாள்!

அன்றைய பாட்டுப் பழக்கத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வரும். தடித்த கம்பிகளைத் தட்டினால் ஈரச் சாக்கில் அடித்த மாதிரி தொப்புத் தொப்பென்றது. மணமோ சொல்ல முடியாது. பிள்ளைகள் எல்லாம் மூக்கைப் பொத்தினார்கள்.

"அக்கா, கிற்றார் மீன் பிடிக்கக் கடலுக்குப் போட்டே வந்தது?" என்று மருமகன் கேட்டான்.

என் கையில் இருந்த பாட்டுப் புத்தகம் அவன் தலையில் விழாதது அந்தோனியார் செய்த புதுமை.

யசிந்தா வீட்டுக்கு வந்து அழுதாள். அழுது முடிந்ததும் எழும்பிக் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

"எண்ணெய்ச் சட்டியை என்னெண்டு மச்சாள் கழுவுறனாங்கள்? சுடுதண்ணியும் சாம்பலும்தானே?" என்றாள்.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் உவர். அதனால் குடிக்க வைத்திருந்த நல்ல தண்ணீரைப் பானையில் ஊற்றி, கொஞ்சம் சாம்பலும் போட்டுக் கம்பிகளைக் கொதிக்க வைத்தாள்.

"ஐயோ, தேத்தண்ணிக்கு வைச்ச தண்ணியிலை கம்பி அவிக்கிறாள்!" என்று சிமியோன் கத்தினான். அவள் திரும்பியும் பார்க்கவில்லை. தண்ணீரின் மேல் எண்ணெயும் அழுக்கும் ஆடையாகப் படிந்தன. பிறகு நல்ல தண்ணீரில் அலசி, பழைய வேட்டித் துண்டால் துடைத்து, நடு வெயிலில் ஈரம் இல்லாமல் காயவிட்டாள். திரும்பப் பூட்டித் தட்டியபோது கம்பிகள் கணீரென்றன. நான் அவளைக் கட்டிப்பிடித்தேன்.

கிற்றாரையும் கோயிலின் கடற்பக்க யன்னலடியில் விடாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து போர்வையால் சுற்றி வைத்தாள். அப்படி இருந்தும் சில நாட்களில் அவள் விரல் படுகிற இடங்களில் மட்டும் கம்பி மறுபடி கறுக்கத் தொடங்கியது. திரும்பத் திரும்ப அவித்தால் கம்பி அறுந்துவிடும் என்று பயந்தாள். பெருநாளும் நெருங்கிவிட்டது.

இறால் உரிக்கிற பெண்கள் வேலை முடிந்ததும் கையில் தேசிக்காய்ப் புளி தேய்ப்போம். மணம் போக அதுதான் வழி. கோயிலுக்குப் போவதால் யசிந்தா மற்றவர்களைவிடக் கூடவே தேய்ப்பாள். அன்று வழக்கம்போல ஒரு பாதியை நான் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. முதல்நாள் தேசிக்காய் வெட்டிக் கழுவாமல் விட்ட கத்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அலகு கறுத்து, விளிம்பில் துருவும் பிடித்திருந்தது.

"மச்சாள், தேசிப்புளி பட்டு இந்தத் தடிச்ச கத்தியே இப்பிடிப் போச்சுதெண்டால் அந்த மெல்லிசுக் கம்பி என்ன பாடுபட்டிருக்கும்?"

"அப்ப மணத்தோடையே பூசைக்குப் போகப்போறாய்?"

"மணந்தால் மணக்கட்டும். இறால்தானே எங்களுக்குச் சோறு போடுது."

அன்றோடு தேசிக்காயை விட்டாள். சாம்பல் தேய்த்து நல்ல தண்ணீரில் கழுவி, கை நன்றாக உலர்ந்த பிறகுதான் கிற்றாரைத் தொடுவாள். வாசித்து முடிந்ததும் ஒவ்வொரு கம்பியையும் கீழ்ப்பக்கமும் சேர்த்துக் காய்ந்த துணியால் துடைப்பாள். பாட்டுப் பழக்கத்தில் பக்கத்தில் நின்ற இரண்டு பெட்டைகள் தள்ளி நின்றார்கள். நான் வேண்டுமென்றே இன்னும் நெருங்கி நின்றேன். கறுப்பு அதற்கு மேல் ஏறவில்லை.

பெருநாள் காலைப் பூசையில் அவள் முதல் கம்பியைத் தட்டியதும் சனம் திரும்பிப் பார்த்தது. மைக்கும் இல்லை, மின்சாரமும் இல்லை. கோயில் வாசல்வரை கேட்டது. எனக்குக் கண்ணீர் முட்டிப் பாட்டில் இரண்டு அடி போய்விட்டது. போனால் போகட்டும், யசிந்தாவின் கிற்றார் அதையும் நிரப்பியது. இன்னாசித்தம்பி அண்ணை தாளம் போட்டபடி நின்றார். பூசை முடிந்தும் நல்லதென்றோ கூடாதென்றோ ஒரு சொல் சொல்லவில்லை. யசிந்தா கிற்றாரைத் துடைத்துச் சுற்றினாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

மத்தியானம் கோயில் வளவில் பந்தி. ஆட்டிறைச்சிக் கறி. மருமகன் எங்களுக்கு எதிரில் இருந்து மணிக்கட்டுவரை குழம்பு வடியப் பிசைந்து சாப்பிட்டான். இன்னாசித்தம்பி அண்ணை கறி வாளியோடு வந்தவர் யசிந்தாவின் முன்னால் நின்றுவிட்டார். பெருநாள் பந்தியில், ஊர்ச் சனம் முழுவதும் கையால் பிசைய, அவள் மட்டும் கரண்டியால் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன பிள்ளை, இதென்ன புது நாகரிகம்?"

யசிந்தா நிமிர்ந்து பார்த்தாள்.

"பின்னேரம் வாசிக்கவேணுமெல்லே அண்ணை. எண்ணெய்க் கை கம்பிக்குக் கூடாது."

அவர் மருமகனின் கையைப் பார்த்தார். பிறகு ஓர் அகப்பை இறைச்சியை அள்ளி அவளுடைய இலையில் போட்டார்.

"ஓம் பிள்ளை, வாசிக்கவேணும். வடிவாய்ச் சாப்பிடு."