கன்னியப்பன் இறைத்த கிணறு

கன்னியப்பன் பள்ளிக்கூடத்து நிழலில்கூட ஒதுங்காதவர். கூலிக்கு உப்பு வாரி, அப்புறம் சொந்தமாக உப்பளம் பிடித்து, மரக்காணத்தில் தலை நிமிர்ந்த மனுஷன். தன் உழைப்பில் வெட்டிய குடிதண்ணீர்க் கிணற்றைத் தெருவுக்கே திறந்துவிட்டவர். "எங்கிணத்துத் தண்ணி குடிச்சவன் வேற தண்ணிய மதிக்கமாட்டான்" என்பார். வெறும் பேச்சில்லை, உண்மைதான்.

சுனாமி அன்று கடல் அந்தக் கிணற்றுக்குள் இறங்கியது. ஊர் திரும்பிய பெண்கள் குடத்தோடு வந்தார்கள். ஒரு வாய் வைத்துத் துப்பிவிட்டுப் போனார்கள். அந்தத் துப்பல் சத்தம், ஆளில்லாத மத்தியானத்திலும் அவருக்குக் கேட்டது.

"மழை வரட்டும் மாமா, தானா மாறும்" என்றாள் மேட்டு வீட்டுப் பாஞ்சாலை. அலை தொடாத கிணறு அவளுடையது. தெருவே இப்போது அவள் வாசலில்தான் நின்றது.

"மழைய நம்பியா நான் முன்னுக்கு வந்தேன்? உப்புக்காரனுக்கு மழை எதிரிடி!"

உப்பளத்து ஆயில் இஞ்சினைக் கிணற்றடியில் பூட்டினார். பகலெல்லாம் இறைத்தார். வற்றி ஊறிய தண்ணீர் முன்னைவிடக் கரித்தது. விடுவாரா? இன்னும் இறைத்தார்.

ஒரு காலையில் பாஞ்சாலை செம்போடு வந்தாள். "குடிச்சுப் பாருங்க."

கரித்தது.

"இது எங்க கிணத்துத் தண்ணி. அலையே எங்காண்ட வரல மாமா. நீங்கதான் இழுத்துக்கினு வந்தீங்க."

உப்பளக் கிணற்றில் இறைக்க இறைக்க அடியிலிருந்து கனத்த உப்புநீர் ஏறி வரும். அதை வைத்துத்தானே அவர் பிழைத்தார்! கடலோரத்தில் நல்ல தண்ணீர் உப்புத்தண்ணீரின் மேல் மெல்லிசாக மிதக்கிறது. மேலே இருப்பதை வாரினால் கீழே இருப்பது எழும். குடிக்கிற கிணற்றுக்கும் அதே மண்தான் என்று ஏன் உறைக்காமல் போயிற்று? அன்றே இஞ்சினை நிறுத்தினார்.

நிறுத்தியும் அது அவர் காதில் ஓடியது. சோற்றில் கை வைத்தால் தரைக்கடியில் டுபுடுபுவென்றது. லாரித் தண்ணீருக்குக் காத்துக்கிடந்த பெண்களை அவரால் ஏறெடுத்துப் பார்க்க முடியவில்லை.

அடுத்த கார்த்திகையில் மழை கொட்டித் தீர்த்தது. பாஞ்சாலையின் கிணறு மறுபடி இனித்தது. உடனே பஞ்சாயத்து ஆட்கள் அதில் பூட்ட மோட்டாரோடு வந்துவிட்டார்கள். கன்னியப்பன் அவள் கிணற்றின் சுவரில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"ஏம்பா, பெருசுக்கு முத்திப்போச்சு, எறக்குங்கப்பா" என்று ஒருவன் சிரித்தான்.

"மோட்டாரு வெச்சா அது ஏறி வந்துடும்டா!"

"எது பெருசு, பேயா?"

பாஞ்சாலை வாளியும் கயிறும் கொண்டுவந்தாள். "எங்களுக்குக் கயிறே போதும். மோட்டார எடுத்துக்கினு போங்க."

முதல் குடத்தைக் கன்னியப்பனே சேந்தினார். அடியில் படுத்திருப்பது விழித்துக்கொள்ளுமோ என்று கயிற்றை மெல்ல, மெல்ல இழுத்தார்.