அவள் முடிக்காத மூன்று போர்வைகள்

என் மனைவியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், அவளுடைய துணிமணிகளைக் கொளுத்துவதற்காக உறவுக்காரர்கள் எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் அள்ளிக்கொண்டு போனார்கள். கட்டிலுக்கடியில் ஓர் உரப்பை கிடந்தது. அவளுடைய தம்பி அதையும் வெளியே இழுத்தபோது நான் தடுத்தேன்.

"செத்தவ துணிய வீட்ல வச்சுக்கக் கூடாது மச்சான்" என்றான்.

"இது அவ உடுத்துன துணி இல்ல. போத்திக்கத் தச்சது. வையி அங்கேயே."

பைக்குள் மூன்று மேல்துணிகள் இருந்தன. எல்லாம் துண்டுத் துணிகளை ஒன்றோடொன்று கையால் சேர்த்துத் தைத்தவை. ஒவ்வொன்றும் ஒரு கட்டிலை மூடும். போர்வையாக வேண்டுமென்றால் நடுவில் கனமாக ஏதாவது வைத்து, கீழே ஓர் அடித்துணி கொடுத்து, மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்க வேண்டும். அதற்கு அவளுக்கு நாள் போதவில்லை.

எங்கள் தேயிலைத் தோட்டம் வட்டவளைக்கு மேலே இருக்கிறது. அவள் மலையில் கொழுந்து பறித்தாள். நான் தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கிற மிஷினில் இருபத்திரண்டு வருஷமாக நிற்கிறேன். அட்டன் பஜாரில் ஒரு முஸ்லிம் முதலாளியின் கடையில் கார்மெண்ட்ஸ் வெட்டுத்துணி நிறுத்துப் போடுவார்கள். மாதத்துக்கு ஒரு தடவை அங்கே போய்க் குனிந்து குனிந்து பொறுக்கி வருவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கதவருகே வெளிச்சம் பார்த்து உட்கார்ந்து தைப்பாள். கடையில் போர்வை கிடைக்காதா, ஏன் இந்தக் குப்பையோடு மல்லுக்கட்டுகிறாய் என்று நான் பல தடவை கேட்டிருக்கிறேன். சிரித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொள்வாள்.

உண்மையில் அந்தப் பையில் நான்கு இருந்திருக்க வேண்டும். ஒன்றை நான் பழைய துணி என்று நினைத்து எடுத்துப் போய் மிஷின் துடைத்தேன். நினைத்தேன் என்று சொல்வதுகூடப் பொய். நான் நினைத்துப் பார்க்கவேயில்லை. கைக்கு அகப்பட்டதை எடுத்தேன். கிரீஸ் பிடித்துக் கறுத்துப்போன அந்தத் துணியை அவள் என் சாப்பாட்டுப் பைக்குள் கண்டெடுத்தாள்.

"என் கல்யாணச் சீல துண்டு இதுலதாங்க இருந்துச்சு" என்றாள். அதன் பிறகு பல மாதங்கள் அவள் ஊசியைத் தொடவில்லை.

மார்பில் கட்டி இருப்பதை அவள் என்னிடம் சொன்னது ஐப்பசியில். தீபாவளி முடியட்டும் என்றேன். தீபாவளி முடிந்ததும் கொழுந்து நன்றாக வருகிற நேரம், பேர் விழாமல் நாள்சம்பளம் போய்விடும் என்றேன். பிறகு பொங்கல் முடியட்டும் என்றேன். மாசியில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனபோது, ஏன் இவ்வளவு நாள் விட்டீர்கள் என்று டாக்டர் சிங்களத்தில் கேட்டார். எங்கள் இரண்டு பேருக்கும் அது விளங்கியது. "வேலையா இருந்துட்டோம்" என்று அவளே அவருடைய பாஷையில் பதில் சொன்னாள். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அதைக் கேட்டுக்கொண்டு எங்கள் மகள் வாசலில் நின்றாள்.

கடைசி நாட்களில் அவளுக்குக் குளிர் தாங்கவில்லை. வீட்டில் இருந்த இரண்டு கம்பளிகளையும் போட்டேன், என் கோட்டையும் போட்டேன். "அத எடுத்துப் போடுங்க" என்று கட்டிலுக்கடியில் கையைக் காட்டினாள். அது ஒற்றைத் துணிதானே, சூடு தராது என்று நான் எடுக்கவில்லை. இரண்டு நாளில் போய்விட்டாள். எடுத்துப் போட்டிருந்தால் சூடு வந்திருக்காதுதான். போட்டிருக்கலாம்.

எங்கள் லயத்தின் கடைசி வீட்டுக் காம்பராவில் ஒரு பெண் இருக்கிறாள். கட்டுநாயக்காவில் கார்மெண்ட்ஸில் எட்டு வருஷம் வேலை செய்துவிட்டு, காலால் மிதித்து ஓட்டுகிற ஒரு தையல் மிஷினோடு திரும்பி வந்தவள். புருஷன் கட்டாரில். ஜாக்கெட்டும் பள்ளிக்கூட உடுப்பும் தைத்துக் கொடுப்பாள். பையைத் தூக்கிக்கொண்டு அவளிடம் போனேன்.

மேல்துணி ஒன்றை விரித்துப் பார்த்தவள் தையலை விரலால் தடவினாள். "அக்கா கையாலயே இம்புட்டும் தச்சாங்களா?" என்றாள். பிறகு, "எனக்கு மூணு மாசத்துக்கு உடுப்பு வேல கெடக்குண்ணே. தச்சுத் தர முடியாது. வேணும்னா நீங்க வந்து உக்காந்து தைங்க, நான் காட்டித் தாறேன்" என்றாள்.

"நானா?"

"பின்ன? மிஷினோட மல்லுக்கட்டுன கைதான இது?"

சாமான் சேர்க்கவே இரண்டு வாரம் போயிற்று. நடுவில் வைக்க வீட்டில் இருந்த பழைய கம்பளிகளைத் துவைத்துக் காயவைத்தோம். மழையில் அவை காய ஐந்து நாள் ஆனது. அடித்துணிக்கு மாவு மூட்டைச் சாக்கைப் பிரித்து இணைத்தோம். மூன்று அடுக்கையும் சிமெந்துத் தரையில் விரித்து, சுருக்கம் போக நீவி, நடுவிலிருந்து ஓரத்துக்கு ஊக்கு குத்திக்கொண்டு போகச் சொன்னாள். நான் ஓரத்திலிருந்து குத்தினேன். நடுவில் துணி வயிறு மாதிரி உப்பி நின்றது. எல்லா ஊக்கையும் கழற்றச் சொன்னாள்.

அவளுடைய போனில் ஒரு வீடியோ காட்டினாள். எங்கேயோ வெளிநாட்டில் ஒரு பெண்மணி, எங்கள் காம்பரா அளவு மேசையில் போர்வையைப் பரப்பி மிஷினில் ஓட்டிக்கொண்டிருந்தார். எங்களிடம் மேசை இல்லை. போர்வையின் இரண்டு பக்கத்தையும் பாய் மாதிரி சுருட்டி, ஒரு சுருளை மிஷின் கைக்கடியில் திணித்து, மற்றதை நான் தோளில் போட்டுக்கொண்டு தைத்தேன். காலை அமுக்கினால் கை இழுத்துவிடும். கையை விட்டால் கோடு கோணும்.

"இழுக்காதீங்கண்ணே. அதுவா போகும். நீங்க வழி மட்டும் காட்டுங்க" என்பாள்.

ஊசி மழுங்குவதை மட்டும் அவளுக்கு முன்னால் நான் கண்டுபிடித்தேன். சத்தம் மாறும். தொழிற்சாலையில் கற்ற ஒரே வித்தை அங்கே உதவியது.

முதல் போர்வை முடிந்து திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் முழுக்கச் சுருக்கம். பாதி வரிகளை பிளேடால் பிரித்துத் திருப்பித் தைத்தேன். பிரிக்கும்போது மனைவியின் தையல் மேலும் பிளேடு பட்டு ஒரு துண்டு விட்டுப்போனது. அதைக் கையால் தைத்துச் சேர்த்தேன். என் தையல் பெரிது பெரிதாக, கோணலாக விழுந்தது. பக்கத்தில் இருந்த அவளுடைய தையல் அரிசி மாதிரி ஒரே சீராக இருந்தது. எத்தனை ஞாயிற்றுக்கிழமை அவள் அப்படிக் குனிந்திருந்தாள் என்று அப்போதுதான் யோசித்தேன்.

அந்தப் போர்வையை எடுத்துக்கொண்டு நுவரெலியாவுக்குப் போனேன். மகள் இப்போது அங்கே ஒரு ஹோட்டலில் அறைகள் சுத்தம் செய்கிறாள். பின் கேட்டுக்கு வந்தவள் போர்வையைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள்.

"யாரு தச்சது?"

"அம்மா விட்டுட்டுப் போனதும்மா. மிச்சத்த நான் தச்சேன்."

"அம்மா உசுரோட இருக்கப்ப ஒரு நூலு கோத்துக் குடுத்திருக்கீங்களா நீங்க?"

போர்வையை அவள் பக்கம் நீட்டினேன்.

"பொங்கல் முடியட்டும்னு சொன்னீங்களே அப்பா. நானும் வீட்லதான இருந்தேன், கேட்டுக்கிட்டுதான இருந்தேன்" என்றாள். உள்ளே யாரோ கூப்பிட்டார்கள். போர்வையை வாங்காமல் போய்விட்டாள். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு திரும்பினேன்.

அதற்குள் லயத்தில் பேச்சு கிளம்பியிருந்தது. பெண்டாட்டி செத்து ஆறு மாதம் ஆகவில்லை, இன்னொருத்தன் வீட்டில் போய் உட்கார்ந்திருக்கிறான் என்று. கட்டாரில் இருந்த தையல்காரியின் புருஷனுக்கும் யாரோ போன் போட்டுச் சொல்லிவிட்டார்கள். இனி வரமாட்டேன் என்று சொல்லத்தான் அவளிடம் போனேன். அவள் முகம் வீங்கியிருந்தது. அழுதிருக்கிறாள். ஆனால் மிஷினின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பக்கம் தூக்குங்கண்ணே" என்றாள். இரண்டு பேருமாக அதைக் கதவுக்கு வெளியே இஸ்தோப்புத் திண்ணைக்குக் கொண்டுவந்து போட்டோம்.

"இங்கயே தைங்க. எல்லாரும் பாக்கட்டும்" என்றாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றிலிருந்து சொல்லிக்கொடுக்க அவள் வரவில்லை. என்னோடு பேசவும் இல்லை.

இரண்டாவதை நான் தனியாக, எல்லோரும் பார்க்கத் தைத்தேன். வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். சிலர் சிரிப்பார்கள். என் கூட்டாளி ஒருவன், "எனக்கும் ஒரு ஜாக்கெட் தச்சுத் தாயேன்" என்றான். நான் நிமிரவில்லை. வரி நேராக வந்தது. ஒரு சுருக்கம்கூட விழவில்லை. அதைக் காட்ட ஆள் இல்லை. மூன்றாவது மேல்துணி இன்னும் உரப்பையில்தான் கிடக்கிறது.

வருஷத் திவசத்துக்கு மகள் வந்தாள். படையல் முடியும் வரை என் பக்கம் திரும்பவில்லை. புறப்படுகிற நேரத்தில் கட்டிலில் மடித்திருந்த இரண்டு போர்வைகளையும் எடுத்து, பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள். இரண்டாவதைத் தன் பைக்குள் திணித்தாள்.

"ஹோட்டல்ல குடுக்கிறது குளுருக்குப் பத்தல. அதுக்குத்தான் எடுத்துட்டுப் போறேன். ஒங்கள மன்னிச்சிட்டேன்னு நெனச்சுக்காதீங்க."

"நெனக்கல தாயி" என்றேன்.

றொசல்ல ஸ்டேஷன் வரை பையை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். வழியெல்லாம் அவள் எனக்கு முன்னால் நடந்தாள். ரயில் வந்ததும் பையை வாங்கிக்கொண்டாள். பிளாட்பாரத்துப் பக்கம் ஜன்னலோரம் இடம் இருந்தது. அவள் மறுபக்கம் போய் உட்கார்ந்தாள். ரயில் அட்டன் பக்கம் திரும்பி மறைகிற வரை நின்றுவிட்டு வேலைக்குத் திரும்பினேன்.