வரும் முன்னே எடுக்காத கடிதம்

"அண்ணா, கன்டெய்னர் வந்திட்டுது. ஆனா கஸ்டம்ஸில விடமாட்டினமாம்."

இலங்கையின் கிழக்குப் பகுதியில் முதுகெலும்பு அடிபட்டவர்களுக்கு ஓர் இல்லம் நடத்தும் புனிதா போனில் சொன்னது இது. சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் கார் சீட் ஃப்ரேம் செய்யும் கம்பெனியில் நான் அப்போது எக்ஸ்போர்ட் டாக்குமென்ட் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினெட்டு வருட சர்வீஸ். அதுவரை என் பேப்பரால் ஒரு ஷிப்மென்ட்கூட நின்றதில்லை என்ற பெருமை எனக்கு இருந்தது.

கன்டெய்னரில் இருந்தவை நாற்பது சக்கர நாற்காலிகள். எங்கள் வெல்டிங் ஷாப் ஆட்கள் வார லீவில் வந்து செய்து, புனிதாவின் இல்லத்துக்கு நன்கொடையாக அனுப்பியவை. படப்பையிலிருந்து வரும் வெல்டர் தேசிங்குதான் முன்னின்று செய்தார். அதில் ஒன்று மட்டும் தனி அளவு. தென்னையிலிருந்து விழுந்து அந்த இல்லத்தில் இருக்கும் குகன் என்பவருக்கு முதுகு ஒரு பக்கமாக வளைந்திருந்தது. புனிதா அனுப்பிய அளவுக்குப் பொருந்தும்வரை தேசிங்கு அந்த முதுகுச் சாய்வை மூன்று முறை அறுத்து மறுபடி பற்றவைத்தார்.

இன்வாய்ஸ் போட்டது நான். 'சக்கர நாற்காலி' என்று எழுதியிருக்கலாம். 'மருத்துவ உபகரணங்கள், நன்கொடை' என்று எழுதினேன். சீக்கிரம் விடுவார்கள் என்று நினைத்தேன். அந்த ஒரு வரியால், மருத்துவப் பொருளுக்கென்று தனி அனுமதி வாங்க வேண்டிய சரக்காக அது மாறிவிட்டது. நன்கொடைக்கு அந்நாட்டு அரசு தரும் வரி விலக்குக் கடிதமும் புனிதா கையில் இல்லை.

"சாமான் வரமுன்னம் எல்லோ கடிதம் எடுத்திருக்க வேணும் எண்டு கேக்கினம் அண்ணா," என்றார் புனிதா. அவர்கள் கேட்டதில் தவறில்லை. கடிதம் எடுத்தாயிற்றா என்று கேட்காமல் அனுப்பியவன் நான்தான்.

இன்வாய்ஸைத் திருத்தினேன். பேக்கிங் லிஸ்ட் அதோடு ஒத்துப்போகவில்லை. அதையும் திருத்தினால் கப்பல் கம்பெனியின் பேப்பரில் பழைய விவரம். ஒவ்வொரு கையெழுத்துக்கும் ஒரு வாரம் போனது.

கேன்டீனில் தேசிங்கு பார்க்கும்போதெல்லாம் கேட்பார். "இன்னா சார், நம்ம சேருங்க இன்னும் ஹார்பர்லயே கீதுங்களா?"

"சின்ன கரெக்ஷன்தான் தேசிங்கு. வந்துடும்."

யாருடைய கரெக்ஷன் என்று சொல்லவில்லை.

பதினோராவது வாரம் சரக்கு வெளியே வந்தது. அன்று புனிதாவின் குரலில் சந்தோஷம் இல்லை. "சக்கரக் கதிரை இல்லாம படுத்தே கிடந்து குகனுக்குப் படுக்கைப் புண் எலும்பு வரைக்கும் போயிட்டுது அண்ணா. இனி எழுப்பி இருத்தவே கூடாதெண்டு டொக்டர் சொல்லிட்டார். தன்ர கதிரைய வேற ஆருக்கும் குடுக்கச் சொல்லி குகனே சொன்னார்."

போனை வைத்துவிட்டு நேராக வெல்டிங் ஷாப்புக்குப் போனேன். தேசிங்குவிடம் நான் எழுதிய வரியிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையுறையைக் கழற்றினார்.

"தப்பு யாருக்குந்தான் வரும் சார். மொத வாரமே சொல்லியிருந்தா இன்னொரு சேரு செஞ்சி, அந்த ஊருக்குப் போற ஆள் யார் கையிலயாவது குடுத்து உட்டிருப்பேனே. அளவு எங்கிட்டதான இருந்துச்சி."



டாக்குமென்ட் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்டால் இரண்டு சொல்வேன். நன்கொடைச் சரக்கென்றால், பெறுகிறவரின் வரி விலக்குக் கடிதத்தைக் கண்ணால் பார்க்காமல் பெட்டிக்கு ஆணி அடிக்க விடாதீர்கள். அப்படியும் உங்கள் பேப்பரால் சரக்கு நின்றுவிட்டால், அந்தச் சரக்கைச் செய்தவரிடம் அன்றைக்கே போய்ச் சொல்லுங்கள். உங்களுக்குத் தெரியாத வழி அவருக்குத் தெரிந்திருக்கலாம். முதலாவதை எந்த சீனியரும் சொல்லித் தருவார். இரண்டாவதை நான் கற்றுக்கொண்டபோது குகனால் உட்கார முடியவில்லை.