கொடி ஏறாத நாளில் ஒரு மொட்டை

1958 முதல் 1963 வரை ஆறு செப்டம்பர்கள். ஆறிலும் அற்புதசாமி திருச்சி ஜங்ஷன் பக்கம் ஒரு பஸ் கம்பெனியின் கம்பி ஜன்னலுக்குள் உட்கார்ந்து, வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார். தன் குடும்பத்துக்கு மூன்று டிக்கெட் கிழிக்க முடியவில்லை.

மகள் செல்வமேரி கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சலிலிருந்து பிழைத்ததற்கு, வேளாங்கண்ணியில் மொட்டை போடுவதாக மனைவி வியாகுலம்மாள் நேர்ந்துகொண்டார். திருவிழாக் கொடி பறக்கும்போது போட்டால்தான் நேர்ச்சை செல்லும் என்பது வீட்டில் முடிந்துபோன விஷயம். அதுவரை முடியில் கத்திரி படக்கூடாது. ஏழு வயதில் அது இடுப்பைத் தாண்டியது. பேன் தாங்காமல் ஸ்கூலில் அவளைக் கடைசி பெஞ்சில் தனியாக உட்காரவைத்தார்கள்.

லீவு கேட்டால் முதலாளி மீரான் ராவுத்தர் சிரிப்பார். "ஊரையே நீங்கதான அனுப்புறீங்க? மாதாவுக்குத் தெரியாதா? ஏகாதசிக்கு ஸ்ரீரங்கம் ஸ்பெஷல் முடியட்டும், அப்புறம் எடுத்துக்குங்க."

1964 பிப்ரவரியில், "முடியை எடுக்காமல் அனுப்பாதீர்கள்" என்று ஸ்கூலிலிருந்து சீட்டு வந்தது. அற்புதசாமி ஒரு நாள் லீவு போட்டார்.

மதியம் மூவரும் வேளாங்கண்ணியில் போய் இறங்கினால் கடற்கரையில் கூட்டமே இல்லை. காயும் வலை, காக்கைகள், கருவாடு திருப்பிப்போடும் ஒரு பெண். மூச்சுவிட இடமில்லை என்று ஜன்னலில் ஆயிரம் பேர் சொன்ன அதே மணல்.

"எப்பவும் இப்படித்தானா?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார்.

"திருவிழா போனா இப்படித்தாங்க. தினம் யாராவது நாலு பேரு மொட்டை போட்டுட்டுப் போவாங்க."

"கொடி இல்லாமலா?"

"கொடிக்கா முடி குடுக்கறீங்க? மாதாவுக்குத்தான?"

ஆறு வருஷம்! அவர் மனைவியை முறைத்தார். வியாகுலம்மாள் கடலைப் பார்த்தார்.

மொட்டைக் கொட்டகையும் காலி; மொட்டை போடுபவர் இல்லை. கருவாட்டுப் பெண்தான் பின்னால் வந்து சொன்னாள்: "அவரு நாகப்பட்டினம் போயிருக்காரு, காலையிலதான் வருவாரு. கத்தரிக்கோல் தரேன், பூமுடி குடுத்துட்டுப் போங்களேன். நாலு முடி வெட்டினாப் போதும்."

"நேர்ந்தது மொட்டை," என்றார் வியாகுலம்மாள். "பேரம் பேசவா வந்தோம்?"

"காலையில ஏழு மணிக்கு நான் ஜன்னல்ல இருக்கணும்டி!"

"நீங்க போங்க. நாங்க இருக்கோம்."

செல்வமேரி இரண்டு கைகளாலும் தலையைச் சொறிந்துகொண்டு நின்றாள். நாலு மணி பஸ் அற்புதசாமி இல்லாமல் புறப்பட்டது.

மறுநாள் எட்டரைக்கு மொட்டை முடிந்தது. மார்ச் முதல் தேதியிலிருந்து அவருக்கு டிக்கெட் ஜன்னல் இல்லை; கம்பெனியின் காட்டூர் ஷெட்டில் பார்சல் மூட்டைகளுக்குச் சீட்டு எழுதும் வேலை.