ஒரு லைசென்சுக்கு ஒரு ரவுண்டு

என் லைசென்ஸில் இருக்கும் படம் எனக்குப் பிடிக்கும். அதில் முறைத்துக்கொண்டிருப்பேன். கியர் வண்டியில் கால் ஊன்றாமல் எட்டு போட்டுவிட்டு, அந்தப் பதற்றத்தோடு நேராகப் போய் கேமரா முன்னால் உட்கார்ந்த முகம் அது. எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாருக்கும் லைசென்ஸ் கிடையாது. பள்ளிக்கூடத்தை முடித்தவளும் கல்லூரிக்குப் போனவளும் நான் ஒருத்திதான். அந்த லைசென்ஸை வைத்துத்தான் என்னை அவமானப்படுத்தினார்கள்.

வீடு கொருக்குப்பேட்டையில். வேலை எண்ணூரில், ஒரு தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில். ரயில்வே கேட்டையும் பஸ்ஸையும் நம்பி வேலைக்குப் போவது போதும் என்று ஆனபோது எல்லோரும் ஸ்கூட்டர் வாங்கச் சொன்னார்கள். ஸ்கூட்டருக்குச் சக்கரம் சின்னது. கண்டெய்னர் லாரிகள் உடைத்துப் போட்ட பள்ளத்தில் இறங்கினால் ஆட்டிவிடும். ஓரம் ஒதுங்கினால் மணலில் வழுக்கும். என்னோடு வேலை செய்யும் பெண் அப்படித்தான் ஒரு லாரிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் விழுந்து கையை உடைத்துக்கொண்டாள். எனக்குப் பெரிய சக்கரம் வேண்டும், அவ்வளவுதான். இதில் ஆம்பளை வண்டி, பொம்பளை வண்டி எங்கிருந்து வந்தது?

ஷோரூமுக்குத் தனியாகப் போக அம்மா விடவில்லை.

“ஆம்பள இல்லாம போனா தலையில மொளகா அரைச்சிருவானுங்க. மாமாவ இட்டுகினு போ.”

அப்பா இறந்த பிறகு எங்கள் வீட்டில் எதற்கும் ஆம்பளை என்றால் அம்மாவின் தம்பிதான். துறைமுகத்தில் லோடு ஏற்றுகிறார். தெருவில் இருக்கும் எல்லோருடைய வண்டியையும் வாங்கி ஓட்டுவார். அவருக்கென்று வண்டியும் இல்லை, லைசென்ஸும் இல்லை.

தண்டையார்பேட்டை ஷோரூமில் விற்பனையாளர் மாமாவுக்குக் கை கொடுத்தார்.

“வாங்க சார். இன்னா வண்டி பாக்கறீங்க?”

“வண்டி எனக்கு,” என்றேன்.

“சார், சிஸ்டருக்கு ஸ்கூட்டரெல்லாம் அந்தாண்ட கீது.”

நான் கறுப்பு பைக் ஒன்றின் பக்கத்தில் போய் நின்றேன். பல மாதங்களாகப் போனில் பார்த்து வைத்திருந்த வண்டி. அதன் எடை முதல் பிரேக் வரை எனக்கு மனப்பாடம். என் கேள்விகளுக்குப் பதிலாக அவர் பின்சக்கரத்துப் பக்கம் குனிந்து, சேலை சக்கரத்தில் சிக்காமல் இருக்கப் போடும் கம்பித் தடுப்பைத் தட்டிக் காட்டினார்.

“சாரி கார்டு கம்பெனிலயே வருது சிஸ்டர். நீங்க பின்னாடி சேஃபா குந்தலாம்.”

மாமா சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றேன். “லைசென்ஸ் வேணுமே சார்,” என்று அவர் மாமாவைப் பார்த்தார். மாமா சட்டைப்பையைத் தடவினார், ஏதோ நேற்றுவரை அங்கே இருந்தது போல. நான் என்னுடையதை நீட்டினேன். விற்பனையாளர் வாங்கினார், போனில் படம் எடுத்துக்கொண்டார், சாவியை மாமாவின் கையில் கொடுத்தார்.

“நல்லாகீதான்னு ஒரு ரவுண்டு பாத்துட்டு வந்துர்றேன் பாப்பா.” மாமா முறுக்கிக்கொண்டு போய்விட்டார். போனது என் லைசென்ஸில். நான் வாசலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்தவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். “சூப்பர் வண்டி. ஆனா ஒனக்கு ஒத்து வராது. கால் எட்டாது.”

“என் கால் எட்டுமான்னு உன் கால வெச்சி பாத்தியா மாமா?”

“படிச்ச திமிரு சார்,” என்றார் விற்பனையாளரிடம்.

சாவிக்குக் கை நீட்டினேன். விற்பனையாளர் நெளிந்தார். “ஒரு லைசென்சுக்கு ஒரு ரவுண்டுதான் சிஸ்டர். ஒங்களுதுல போட்டாச்சு.”

“ஓட்டுனது யாரு?”

“சாரு.”

“லைசென்ஸ் யாருது?”

அவர் மாமாவைப் பார்த்தார். அதற்கும் மாமாதான் பதில் சொல்ல வேண்டும் என்பது போல. நான் கத்தவில்லை. கத்தியிருந்தால் பொம்பளை கத்துகிறாள் என்று கதையை முடித்திருப்பார்கள். லைசென்ஸை வாங்கிக்கொண்டு, மாமாவை அங்கேயே விட்டுவிட்டு நடந்தேன்.

அடுத்த விடுமுறையில் திருவொற்றியூரில் வேறு ஷோரூமுக்குப் போனேன். தனியாக.

“யாரு ஓட்டப் போறது மேடம்?” என்றார் கடைக்காரர்.

“லைசென்ஸ்ல கீற மூஞ்சி யாருதோ அவங்க.” வேலை இடத்தில் நான் இப்படிப் பேசுவதில்லை. கோபம் வந்தால் எனக்கு வேறு தமிழ் வராது.

அவர் சாவியைக் கொடுத்தார். அதே கறுப்பு வண்டி. வாசலிலேயே அணைந்தது, மறுபடி கிளப்பினேன். சாலையில் லாரிகள் வரிசையாக நிற்க, நானும் நிறுத்திக் கால் ஊன்றினேன். நுனிவிரல்தான் தரையில் பட்டது. ஒரு பள்ளத்தில் நிறுத்தினால் வண்டியோடு சாய்ந்துவிடுவேன். மாமா சொன்னது சரியாகப் போனதில்தான் எனக்கு இன்னும் ஆத்திரம். அவருக்கு அது தெரிந்திருக்க வழியே இல்லை. வாயில் வந்ததைச் சொன்னார்.

“வேற எதுனா ஓட்டிப் பாக்கறீங்களா மேடம்?” என்றார் கடைக்காரர். இங்கே ஒரு லைசென்சுக்கு எத்தனை ரவுண்டு என்று யாரும் எண்ணவில்லை. போனில் ஒருமுறைகூட நான் நிறுத்திப் பார்க்காத ஒரு சிவப்பு வண்டியை எடுத்தேன். இரண்டு பாதமும் தரையில் பதிந்தன. பள்ளத்தில் இறங்கி ஏறியது. ஓரத்து மணலில் ஓட்டிப் பார்த்தேன், பிடி நழுவவில்லை. அதைத்தான் வாங்கினேன்.

வண்டி வீட்டுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். சுற்றிப் பார்த்தார், டேங்கைத் தட்டினார்.

“பரவால்ல. சாவி குடு, மார்க்கெட் வரிக்கும் போய்ட்டு வந்துர்றேன்.”

“லைசென்ஸ் கீதா மாமா?”

சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் அம்மாவைப் பார்த்தார்.

“குடேன்டி, மாமாதானே,” என்றாள் அம்மா. “படிச்ச திமிரு ஒனக்கு.”

சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன். மாமா மார்க்கெட்டுக்கு நடந்து போனார். அம்மா அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. மறுநாள் காலையில் நான் வண்டியைக் கிளப்பியபோது வெளியே வந்தாள். “மாத்திர வாங்கணும், ராயபுரம் ஆஸ்பத்திரியில உட்டுட்டு போ,” என்று சொல்லிவிட்டு, சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தாள். வழியெல்லாம் என் தோளைப் பிடித்திருந்தாள்.