பூ வைக்காத சனிக்கிழமை

சனிக்கிழமை மத்தியானம் என்றால், வாரம் முழுக்க வந்த தொடரை அந்த சேனலில் ஒரே மூச்சாக மறுபடி போடுவார்கள். எனக்குத் தொடர் பார்க்கிற பழக்கம் கிடையாது. கடலூரில் ஒரு அரசு அலுவலகத்தில் தட்டச்சராக இருக்கிறேன். ஊரார் அழுகையை மனுக்களிலேயே போதும் போதும் என்கிற அளவுக்குப் படித்தாயிற்று. ஆனால் அந்தச் சனிக்கிழமை உட்கார்ந்து பார்த்தேன். பக்கத்தில் என் மகனைக் காதலிக்கிற பெண் உட்கார்ந்திருந்தாள்.

மகன் வீட்டில் இல்லை. புதுச்சேரி போகிற வழியில் ஒரு மறுவாழ்வு மையத்தில் சேர்த்து ஆறு வாரமாகியிருந்தது. சிதம்பரத்துக்குப் படிக்கப் போனவன். அண்ணாமலை நகரில் லாட்ஜில் தங்கியிருந்தான். இந்தப் பெண்ணும் அங்கேதான் வந்து சேர்ந்தாள், வலி மாத்திரையும் அங்கேதான் வந்து சேர்ந்தது. மாத்திரை ஊசியாக மாறியதைக் கண்டுபிடித்தது அவள்தான். முன்பின் என்னைப் பார்த்ததில்லை. போன் செய்து, "அத்த, நீங்க உடனே கெளம்பி வாங்க" என்றாள். பெற்றவளுக்குத் தெரியாதது அவளுக்குத் தெரிந்திருக்கிறதே என்று எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது.

அவளுக்குப் பண்ருட்டிக்குப் பக்கத்தில் திருவதிகை. சனிக்கிழமைதோறும் கோச்சிங் கிளாஸ் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கடலூருக்கு வருவாள். மையத்தில் பெற்றவர்களை மட்டும்தான் உள்ளே விடுவார்கள் என்பதால் என்னிடம் ஒரு கடிதம் எழுதிக் கொடுப்பாள். ஞாயிற்றுக்கிழமை நான் அதைக் கொண்டுபோய்க் கொடுப்பேன். என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் மகன் என் பையைத்தான் பார்ப்பான்.

இந்த லட்சணத்தில் என் நாத்தனார் ஒரு யோசனை சொன்னாள்.

"அண்ணி, பொண்ணு மேஜர். அவளே தலைய நீட்டுறா. சனிக்கிழமன்னு பாக்க வேணாம், நல்ல நேரம் பாத்து நீங்களும் நானுமா பூ வச்சிடலாம். போட்டோ ஒண்ணு எடுத்து வச்சிக்குவோம். அவுங்க ஊட்டுல அப்புறம் பேசிக்கலாம். ஒரு கால்கட்டு போட்டுட்டா பையன் தானா சரியாயிடுவான்."

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் போய்ப் பெண்ணின் தலையில் பூ வைத்துவிட்டால் அவள் நம் வீட்டுப் பெண். அதற்கப்புறம் அவளை வேறு இடத்தில் கொடுக்க யாரும் லேசில் துணிய மாட்டார்கள். நான் சரி என்றேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் சரி என்றேன். இந்தப் பெண் விட்டுவிட்டுப் போனால் மகன் பிழைக்க மாட்டான் என்று பயந்து கிடந்தேன். மஞ்சக்குப்பத்தில் ஐந்து முழம் மல்லி வாங்கி ஃப்ரிட்ஜில் வைத்தது நானேதான்.

டிவியில் அன்றைக்கு வந்த கதையில் ஒரு பையன் போதை மருந்து கிடைக்காமல் அறைக்குள் துடிக்கிறான். அவன் அம்மா பட்டுப்புடவையோடு அவனைக் காதலிக்கிற பெண்ணின் காலில் விழுந்து, என் பிள்ளையைக் காப்பாற்று என்கிறாள். பெண் கதவைத் திறந்துகொண்டு போய் அவனைக் கட்டிப்பிடிக்கிறாள். வயலின் அழுகிறது. சோப்பு விளம்பரம் முடிந்து பார்த்தால் பையன் சவரம் செய்த முகத்தோடு மணவறையில் உட்கார்ந்திருக்கிறான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பையனுக்கு மூக்குகூட ஒழுகவில்லை. மையத்தில் சேர்ப்பதற்கு முன்னால் வீட்டில் என் மகனுக்கு நான்கு நாள் வாந்தியும் பேதியுமாக மேலும் கீழும் போனது. ஒரு நாளைக்கு மூன்று போர்வை துவைத்தேன். கட்டிப்பிடிக்கப் போன என்னைச் சுவரில் தள்ளினான். அதை எந்த டிவிக்காரன் காட்டப்போகிறான்?

பக்கத்தில் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "பாத்தீங்களா அத்த? நம்ம கூட இருந்தா போதும், மாறிடுவாங்க."

எனக்கு வேண்டியது அதுதான். அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. உள்ளிருந்து நாத்தனார் குங்குமச்சிமிழையும் தட்டையும் எடுத்துக்கொண்டு வந்து, பூவை எடுங்கள் என்று கண்ணைக் காட்டினாள். அந்தப் பெண்ணின் பின்னல் என் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. எழுந்திருக்க முடியவில்லை. எனக்குப் பூ வைத்த நாள் ஞாபகம் வந்துவிட்டது. என் மாமியார் அன்றைக்கு எவ்வளவு அவசரமாக வைத்தார்கள்! மாப்பிள்ளை குடிப்பார் என்று கல்யாணமான மூன்றாம் நாள்தான் எனக்குத் தெரியும். அப்போதும் எல்லோரும் கால்கட்டு என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். கட்டு என் காலில்தான் விழுந்தது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் கல்லீரல் கெட்டுப்போய் அவர் கண்ணை மூடுகிறவரைக்கும் அவிழவில்லை.

டிவியை அணைத்தேன். இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். நாத்தனார் எதிரிலேயே, அவள் அண்ணனைப் பற்றியே சொன்னேன். தட்டு எதற்கு வந்தது என்பதையும் சொன்னேன். நாத்தனார் தட்டை அப்படியே மேஜையில் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

"நீ வீட்டுக்குப் போம்மா. படி. அவன் தேறணும்னா அவன்தான் தேறணும். அதுக்கு உன்ன வைத்தியமா குடுக்க முடியாது."

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. "உங்க புள்ளைய நீங்களே கைவிட்டுட்டீங்களா? நீங்க மாமாவ விட்டுட்டுப் போவலையே அத்த!"

"போவ முடியல. விரும்பி இருந்தேன்னு நெனக்காத."

அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கூடவே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். பண்ருட்டி பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தவள் என் பக்கம் திரும்பவே இல்லை. கடிதமும் எழுதித் தரவில்லை. வீட்டுக்கு வந்து படுத்தேன். செய்தது சரி என்றும் தோன்றவில்லை, தப்பு என்றும் தோன்றவில்லை. உடம்பு முழுக்க அலுப்பு மட்டும்தான் இருந்தது.

மறுநாள் மையத்தில் மகன் வழக்கம்போல என் பையைப் பார்த்தான்.

"லெட்டர் இல்லடா. நான்தான் அவளப் போகச் சொல்லிட்டேன்."

பொய் சொல்லியிருக்கலாம்; பரீட்சை, காய்ச்சல் என்று ஏதாவது. எனக்குத் தெம்பில்லை. பூ வாங்கியது முதல் பஸ் ஏற்றியது வரை, அவன் அப்பா கதை உட்பட, எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவான், நாற்காலியைத் தூக்கி எறிவான் என்று எதிர்பார்த்தேன். அவன் முழங்கைத் தழும்பைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

"அப்ப உனக்கும் யாராவது வந்து இப்படிச் சொல்லியிருந்தா நான் பொறந்திருக்கவே மாட்டேன், இல்லம்மா?"

கோபமே இல்லாமல் கேட்டான். அதுதான் தாங்கவில்லை. உனக்காகத்தான் அந்த வீட்டில் இருந்தேன் என்று அவன் குழந்தையாக இருந்ததிலிருந்து சொல்லிச் சொல்லி வளர்த்தவள் நான். எத்தனை பாரத்தைத் தூக்கி அந்தத் தலையில் வைத்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

"ஆமாண்டா" என்றேன். "ஆனா பொறந்துட்ட. நீ எனக்கு வேணும்."

அவன் அழுதான். பக்கத்து மேஜைக்காரர்கள் எங்களைப் பார்த்தார்கள். மணி அடித்ததும் எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த வாரம் நீ வருவல்ல?" என்று கேட்டான்.